பதினோராவது மூவ்

அந்தக் குதிரையைத் தொடாதீங்க, அண்ணாச்சி. தொட்டா நாலு மூவ்ல ராணி போயிரும். தப்பா நினைக்காதீங்க, பக்கத்துல உக்காந்துட்டு அடுத்தவர் போனை எட்டிப் பாக்கது மரியாதை இல்லதான். ஆனா கோவில்பட்டியில ஏறுனதுல இருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வாரேன். மூணு ஆட்டம் தோத்துட்டீங்க. இது நாலாவது.

ஒண்ணு கேக்கேன். நீங்க முதல் சிப்பாயை நகத்துன உடனே போன் என்ன செஞ்சுது? கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள பதில் வச்சுச்சா? ரெண்டாவதுக்கும் அப்பிடித்தான்? எட்டு, ஒம்பது மூவ் வரைக்கும் பட்டு பட்டுன்னு வைக்கும். பெறகுதான் நின்னு நிதானமா யோசிக்கும். அம்மாடி, என்னா மூளைன்னு நீங்க வாயைப் பொளந்திருப்பீங்க. மூளையும் இல்ல, மண்ணும் இல்ல. ஆரம்பத்துல அது யோசிக்கதே கிடையாது. எவனோ ஒருத்தன் உக்காந்து, அவன் இப்பிடி வச்சா நீ இப்பிடி வை, அவன் அப்பிடி வச்சா நீ அப்பிடி வைன்னு எழுதிக் குடுத்திருக்கான். அதுக்குப் பேரு ஓப்பனிங் புக். புக்னா அச்சடிச்ச புத்தகம் இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஃபைல். அதுல இருக்கிற வரைக்கும் மெஷின் கிளிப்பிள்ளைதான். அது தீந்த பெறகுதான் சொந்தப் புத்தி.

அந்த எவனோ ஒருத்தன் இருக்கான் பாருங்க, அதுல நானும் ஒருத்தன். சிரிக்காதீங்க. நிசமாத்தான் சொல்லுதேன்.

எம் பேரு பூவநாதன். தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு அனுப்புத இடத்துல முப்பத்திரெண்டு வருஷம் சூப்பர்வைசர். அது சோறு போட்டுச்சு, அம்புட்டுதான். நீ யாருன்னு கேட்டா செஸ் பிளேயர்னுதான் சொல்லுவேன். எண்பத்தொம்பதுல தூத்துக்குடியில ஒரு டோர்னமென்ட். எதிர்ல சுந்தரவரதன். அப்பம் அவரு ஸ்டேட் டீம் ஆளு, பேப்பர்ல படமெல்லாம் வந்திருக்கு. எனக்கு வெள்ளைக் காய். பதினோராவது மூவ்ல என் குதிரையைத் தூக்கி அவரு ராஜாவுக்குப் பக்கத்துல நிக்கிற சிப்பாய் மேல வச்சேன். ஒரு சிப்பாய்க்கு ஒரு முழுக் குதிரை! எடுத்துக்கோன்னு குடுத்தேன். ஹால்ல இருந்த அத்தனை பேரும் எந்திரிச்சு வந்து என் முதுகுக்குப் பின்னால நின்னானுக. சுந்தரவரதன் நாப்பது நிமிஷம் யோசிச்சாரு. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்காரு, துடைக்காரு, துடைச்சுக்கிட்டே இருக்காரு. இருபத்தேழாவது மூவ்ல தோத்துட்டேன்னு கையைக் குடுத்துட்டாரு.

அன்னைக்கு அவருக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்னு பெறகு கிளப்பி விட்டானுக. காய்ச்சல்னா ஆட வரக் கூடாது. ஆட வந்துட்டா காய்ச்சல்னு சொல்லக் கூடாது. எனக்குந்தான் அன்னைக்குப் பல்வலி. நான் யார்ட்டயாவது சொன்னேனா?

அதுக்குப் பெறகு ஜெயிச்சேனா, தோத்தேனாங்கது வேற கதை. வேலைக்குப் போறவன் எத்தனை டோர்னமென்ட்தான் ஆட முடியும்? ஆனா அந்த மூவ் என்னோடது. எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. நான் தேடிப் பாத்துட்டேன். அந்தக் குதிரையை அந்த இடத்துல குடுத்தவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்.

சரி, புக் கதைக்கு வாரேன். என் கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, செண்பகம். விருதுநகர்ல குடுத்திருக்கு. மாப்பிள்ளை பேரு திருமாறன். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் வாத்தியார். நல்ல மனுசன்னு ஊரே சொல்லும். நானும் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். அவரு சாயங்காலம் சாயங்காலம் உக்காந்து சொந்தமா ஒரு செஸ் புரோகிராம் எழுதுனாரு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஏழு வருஷம். அதுக்கு 'கரிசல்'னு பேரு வச்சாரு. வெளிநாட்டுல இந்த மாதிரி புரோகிராம் எழுதுதவங்க நூறு, எரநூறு பேரு இருக்காங்களாம். ஒருத்தரோட புரோகிராமை இன்னொருத்தர் புரோகிராமோட மோத விட்டு லீக் நடத்துதாங்க. மனுசன் யாரும் ஆடக் கூடாது. சேவல் சண்டை மாதிரி, சேவல்தான் ஆடணும்.

எங்க ஆபீஸை மூடி என்னை வீட்டுக்கு அனுப்புன வருஷம். ஆறு மாசம் சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன்னா சும்மாவா இருந்தேன், தெருக் குழாய்ல தண்ணி பிடிக்க வந்த பொம்பளைககிட்டக் கூடச் சண்டை போட்டேன்னு எம் பொண்டாட்டி ராஜாமணி சொல்லுவா. அவ கூட்டித்தான் சொல்லுவா. ஒரு ஞாயித்துக்கிழமை செண்பகம் வந்துட்டுப் போனா. அண்ணியும் நாத்தனாரும் அடுப்படியில குசுகுசுன்னு என்னமோ பேசிக்கிட்டாளுக. அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்காரு. "மச்சான், கரிசலுக்கு நல்ல ஓப்பனிங் புக் இல்ல. நீங்க பாத்து எழுதிக் குடுத்தாத்தான் இது முன்னேறும். எனக்கு செஸ்ஸே அவ்வளவா தெரியாது"ன்னாரு.

பாத்தீங்களா? நான் தேடிப் போகல. அவரா வந்தாரு. என்னை விட்டா ஆள் இல்லன்னு வந்தாரு.

இந்த வேலை எப்பிடின்னு சொல்லுதேன் கேளுங்க, லேசுப்பட்ட வேலை இல்ல. உலகத்துல ஆடுன ஆட்டமெல்லாம் லட்சக்கணக்குல ஒரு இடத்துல கொட்டிக் கிடக்கும். அதுல எது நெல்லு, எது பதருன்னு புடைச்சு எடுக்கணும். ஒவ்வொரு நிலைமைக்கும் நாலு மூவ் இருக்கும். இதை ஆடலாம்னா பச்சை, ஆடவே கூடாதுன்னா சிவப்பு. இதை நூத்துக்கு எழுவது தடவை ஆடு, அதை முப்பது தடவை ஆடுன்னு விழுக்காடு வேற போடணும். எதிராளி புரோகிராம் போன வருஷம் எதுல தடுமாறுச்சோ அதே இடத்துக்கு இழுத்துட்டுப் போகணும். ஒரு கிளையில நாலு கிளை, அதுல நாலு கிளை. ரெண்டு வருஷம் உக்காந்தேன், அண்ணாச்சி. காலையில காப்பி குடிச்சுட்டு உக்காந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு ராஜாமணி மூணு தடவை கூப்பிடணும். "மெஷினுக்கு ஜாதகம் எழுதுத ஆளை இப்பத்தான் பாக்கேன்"னு சொல்லுவா. கேலிதான். ஆனா தெருவுல யார்ட்டயும் சண்டை போடலன்னு அவளுக்குச் சந்தோஷம்.

கரிசல் ஜெயிக்க ஆரம்பிச்சுட்டு. மூணாவது டிவிஷன்ல கிடந்தது ரெண்டாவது டிவிஷனுக்கு வந்துட்டு. யாரால? நீங்களே சொல்லுங்க.

இதுல ஒரு நாள் மாப்பிள்ளை மெள்ள ஆரம்பிக்காரு. "மச்சான், சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். புக்கே இல்லாம விட்டா இன்னும் கொஞ்சம் கூட ஜெயிக்குது"ங்காரு. நான் சொன்னேன், "மாப்ளே, பிள்ளை பரீட்சையில பாஸாயிட்டா வாத்தியார் இல்லாமலே பாஸாயிருக்கும்னு சொல்லுவீங்களா? நீங்களே வாத்தியார்தானே?" சிரிச்சாரு. பெறகு அந்தப் பேச்சையே எடுக்கல. எப்பிடி எடுப்பாரு?

கரிசலுக்குன்னு இன்டர்நெட்ல ஒரு பக்கம் வச்சிருந்தாரு. அதுல மேல கொட்டை எழுத்துல, எழுதியவர் திருமாறன். கீழ, அடியில, எறும்பு ஊருத மாதிரி ஒரு வரி: ஓப்பனிங் புக்கில் உதவிய என் மச்சான் பூவநாதனுக்கு நன்றி. நன்றியாம்! பந்தியில தண்ணி ஊத்துனவனுக்குச் சொல்லுததுல்லா நன்றி? உதவியாம். ரெண்டு வருஷம் கண்ணு பூத்துப் போக எழுதுனது உதவி. நான் வாயைத் திறக்கல. தங்கச்சி வாழுத வீடு. ஒண்ணு சொன்னா ஒண்ணு ஆயிரும்.

சாத்தூர் வந்துட்டு. வெள்ளரிக்கா வேணுமா உங்களுக்கு? வேண்டாமா? சரி, சரி. எனக்கும் வேண்டாம்ப்பா, போ.

எங்க விட்டேன்? ஆங். இனிமேத்தான் விஷயமே. புக்ல என் மூவை வச்சிருந்தேன். அதான், அந்தக் குதிரை. வைக்காம இருப்பேனா? உலகத்துல ஒருத்தன்தான் ஆடியிருக்கான், அவன் கையில புக் இருக்கு, அவனே வைக்கலன்னா வேற எவன் வைப்பான்? பச்சை போட்டு, விழுக்காடு நூறு. அந்த நிலைமை வந்தா வேற யோசனையே கிடையாது, குதிரையைக் குடுத்துர வேண்டியதுதான்.

மாப்பிள்ளை எப்பிடியோ அதைக் கண்டுபிடிச்சுட்டாரு. "மச்சான், இந்த ஒரு இடம் மட்டும் சரியில்ல. கரிசலை யோசிக்க விட்டுப் பாத்தேன். மைனஸ் ஒண்ணு புள்ளி நாலு காட்டுது"ன்னாரு. அப்பிடின்னா ஒண்ணரைச் சிப்பாய் பின்னால நிக்கோம்னு அர்த்தம். நான் கேட்டேன், "மைனஸ் எனக்குன்னா சுந்தரவரதன் ஏன் தோத்தாரு?" அதுக்கு அவரு, "மனுசன் பயப்படுவான் மச்சான், மெஷின் பயப்படாது. அது குதிரையை எடுத்துட்டுப் பேசாம ஆடும்"ங்காரு. எனக்கா சொல்லித் தாரான்? செஸ்ஸே அவ்வளவா தெரியாதுன்னு சொன்னவன்! மன்னிச்சுக்கிடுங்க, மாப்பிள்ளையை அவன் இவன்னு சொல்லக் கூடாதுதான். வாய்ல வந்துருது.

பேச்சு தடிச்சுப் போச்சு. செண்பகம் உள்ள இருந்து ஓடி வந்தா. "அண்ணே, ஒரே ஒரு மூவ்தானே, எடுத்துருங்களேன். இந்தத் தடவை லீக் அவருக்கு ரொம்ப முக்கியம்ணே. ஏழு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு"ன்னா. அந்த வருஷம் கரிசல் ரெண்டாவது டிவிஷன்ல நல்லா ஏறிக்கிட்டு இருக்கு. முதல் ரெண்டு இடத்துல வந்தா மேல் டிவிஷன். அங்க போயிட்டா உலகமே பாக்கும். நம்ம பக்கத்து ஆளு யாரும் அதுவரை போனது இல்லன்னு மாப்பிள்ளை சொல்லுவாரு.

தங்கச்சி கண்ணு கலங்குனா எனக்குத் தாங்காது. "சரி"ன்னு சொல்லி, மாப்பிள்ளை கண்ணு முன்னால, அவரு லேப்டாப்லயே, அந்த மூவை எடுத்தேன். "எடுத்துட்டேன், போதுமா?"ன்னேன். "தேங்க்ஸ் மச்சான்"னாரு.

வீட்டுக்கு வந்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கல. மூணாவது நாள் காலையில குளிச்சு, திருநீறு பூசி, எங்கிட்ட இருந்த ஃபைல்ல அதைத் திரும்ப வச்சேன். லீக்குக்குப் போற கடைசி புக்கை நான்தானே மாப்பிள்ளைக்கு அனுப்பணும். அதை அனுப்பிட்டேன். பொய் சொன்னேன்னு சொல்லாதீங்க. எடுத்தது உண்மை. வச்சதும் உண்மை. வைக்க மாட்டேன்னு நான் யாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்கல.

கடைசி ரவுண்டு ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி. விருதுநகர்ல மாப்பிள்ளை வீட்டுல கூட்டம். அவரு கூட வேலை பாக்குத வாத்தியார்மாரு நாலஞ்சு பேரு, அவங்க வீட்டுக்காரம்மாமாரு. செண்பகம் கேசரி கிண்டி வச்சிருக்கா. எதிர்ல ஒரு ஜெர்மன்காரன் புரோகிராம். கரிசலுக்கு வெள்ளைக் காய். டிரா ஆனாக்கூடப் போதும், ரெண்டாவது இடம் உறுதி, மேல் டிவிஷன். டிவியில கனெக்‌ஷன் குடுத்து ஆட்டத்தைப் போட்டிருக்காங்க. ஓரத்துல உலகம் பூராவும் இருந்து பாக்கவங்க எழுதுதது ஓடிக்கிட்டே இருக்கு.

ரெண்டு பக்கமும் புக்குல இருந்து ஆடுதாங்க. பட்டு பட்டுன்னு விழுது. அஞ்சாவது மூவ், ஆறாவது மூவ். ஏழாவது மூவ்ல அந்த ஜெர்மன்காரன் புரோகிராம் மந்திரியை ஒரு இடத்துல கொண்டாந்து வச்சுச்சு பாருங்க. எனக்கு உள்ளங்காலு சில்லுன்னு ஆயிட்டு. சுந்தரவரதன் வச்ச அதே இடம்! முப்பத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு! எட்டு. அதே. ஒம்பது. அதே. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். உக்காந்திருக்க முடியல. பத்து. அதே, அதே.

அந்த நேரம் பயந்தேனான்னு கேக்கீங்களா? எதுக்குப் பயம்? நான் சந்தோஷத்துல நின்னேன். எங்க ஆத்தா சத்தியமா, என் கல்யாணத்தன்னைக்குக் கூட நான் அப்பிடி நிக்கல.

பதினொண்ணு. குதிரை போய் விழுந்துச்சு. ஒரு செகண்டு கூட ஆகல. ஓரத்துல எழுதிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியுமா போட்டுத் தள்ளுதாங்க. எவனும் வாழ்க்கையில பாத்திருக்க மாட்டான்ல! வாத்தியார்மாரு ஒருத்தரை ஒருத்தர் பாக்காங்க. "என்ன சார், குதிரையைச் சும்மா குடுத்துட்டு?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பக்கூட இல்ல. டிவியையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

அந்த ஜெர்மன் புரோகிராம் குதிரையை எடுத்துட்டு. அதோட கரிசலுக்கு புக் தீந்துட்டு, அதுக்கு மேல நான் எழுதல. இப்பம் சொந்தப் புத்தி. யோசிக்க ஆரம்பிச்சுச்சு. மைனஸ் ஒண்ணு புள்ளி நாலு. எட்டு நிமிஷம் யோசிச்சுச்சு. மைனஸ் ஒண்ணு புள்ளி ஆறு. அங்கதான் தப்பு, அண்ணாச்சி. நான் பன்னெண்டாவது மூவ்ல ராணியைக் கொண்டு போனேன், ரோஷமா. கரிசல் என்ன செஞ்சுதுன்னா பம்மிப் பதுங்கி ஒரு சிப்பாயைத் தள்ளுச்சு. குதிரையைக் குடுத்தவன் பதுங்கலாமா? குதிரையைக் குடுக்கது நான், பெறகு ஆடுதது கோழை. விளங்குமா? நாப்பத்தாறாவது மூவ்ல தோத்துட்டு. மூணாவது இடம்.

வாத்தியார்மாரு கேசரியை வச்சது வச்ச மாதிரியே எந்திரிச்சுப் போனாங்க. செண்பகம் அடுப்படிக்குள்ள போனவ வெளியவே வரல. நான் சொன்னேன், "மாப்ளே, பன்னெண்டாவது மூவ் பாத்தீங்களா? ராணியைக் கொண்டு போயிருந்தா ஜெயிச்சிருப்போம். புரோகிராம்ல என்னமோ கோளாறு இருக்கு." அவரு என்னைப் பாத்தாரு. கோவமே இல்ல. "சரி மச்சான். சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னாரு. ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல? நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? நானும் திட்டியிருப்பேன், தீந்து போயிருக்கும். சாப்பிட்டுட்டுப் போங்களாம்.

அடுத்த நாள் அவங்க ஃபோரம்ல, அதான், புரோகிராம் எழுதுதவங்க எல்லாம் பேசிக்கிடுத இடம், அங்க ஒருத்தன் கேட்டிருக்கான். இந்த புக்கை எழுதுனது யாரு, கிறுக்கனான்னு. அதுக்குக் கீழ மாப்பிள்ளை ரெண்டே வரி எழுதியிருக்காரு. புக் என்னுடையது. தவறு என்னுடையது.

நல்லாக் கேட்டுக்கிடுங்க, அண்ணாச்சி. புக் என்னுடையதாம்!

ஜெயிச்சப்பதான் என் பேரை எறும்பு எழுத்துல போட்டான். சரின்னு இருந்தேன். இப்பம் அதுவும் போச்சு. கரிசல் பக்கத்தைத் திறந்து பாக்கேன், அந்த நன்றி வரியையும் எடுத்துட்டான். எம் பேரே இல்ல. என் குதிரை, என் மூவ், எண்பத்தொம்பதுல நான் நெஞ்சு துடிக்கத் துடிக்க வச்ச மூவ், அதைத் தன்னோடதுன்னு உலகத்துக்கு முன்னால எழுதிட்டான். ஊரான் பிள்ளைக்குத் தன் பேரை வைக்கது மாதிரி. ராஜாமணிகிட்டச் சொன்னேன். "உங்களைத் திட்டுதவங்க கையில உங்களைக் குடுக்கக் கூடாதுன்னு செஞ்சிருக்காரு, அது கூடவா விளங்கல?"ன்னா. அவளுக்கு செஸ் தெரியாது. என்னத்தைச் சொல்ல?

விடுவேனா? நானும் அந்த ஃபோரம்ல பேரைப் பதிஞ்சேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட இங்கிலீஷ்ல எழுதி வாங்கிப் போட்டேன். பதினோராவது மூவ் என்னுடையது. எஸ். பூவநாதன், கோவில்பட்டி. இதை எடுக்கும்படி திருமாறன் சொன்னார். நான் எடுக்கவில்லை. பெருமையுடன் சொல்கிறேன். டீச்சரம்மா, "கடைசி ரெண்டு வரி வேணுமா சார்?"ன்னு கேட்டாங்க. அதுதான் முக்கியம், போடுங்கன்னு சொன்னேன்.

முப்பது பேரு பதில் எழுதுனானுக. பாதிப் பேரு சிரிப்பு மூஞ்சி. ஒருத்தன் வேலை மெனக்கெட்டுப் பத்து புரோகிராமுக்கு அந்த நிலைமையைக் குடுத்து, பத்தும் மைனஸ் காட்டுதுன்னு பட்டியல் போட்டான். பத்தும் ஒரே குட்டையில ஊறுன மட்டை, பெறகு எப்பிடிக் காட்டும்? மாப்பிள்ளை மட்டும் ஒண்ணும் எழுதல. அதோட அவன் கரிசலையே நிப்பாட்டிட்டான். பக்கத்தை மூடிட்டான். லேப்டாப்பை மகளுக்குப் படிக்கக் குடுத்துட்டானாம். ஒரு தோல்விக்கு இப்பிடியா? ரோஷம் கெட்டவன். நானெல்லாம் எத்தனை தோத்திருக்கேன்.

நான் ஃபோரம்ல எழுதிப் போட்ட அன்னைக்குச் சாயங்காலம் செண்பகம் போன் போட்டா. அழுவான்னு நினைச்சேன். அழல. குரல் அப்பிடியே வறண்டு போய் இருந்துச்சு.

"எடுத்துட்டேன்னு சொன்னீங்களேண்ணே"ன்னா.

நான் எடுத்தது, வச்சது எல்லாத்தையும் விளக்குனேன். பெறகு சொன்னா: "அவருக்குத் தெரியும்ணே. நீங்க அனுப்புன அன்னைக்கே அவரு ஃபைலைத் திறந்து பாத்துட்டாரு. அது திரும்ப உள்ள இருந்துச்சு. எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு எடுக்கல."

ஏன் எடுக்கலன்னு கேட்டேன்.

"'மச்சானுக்கு அது ஒண்ணுதானே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நூறு ஆட்டத்துல ஒரு ஆட்டத்துலகூட அந்த இடம் வராது'ன்னு சொன்னாரு."

இப்பம் சொல்லுங்க. நீங்க மூணாவது மனுசர். தெரிஞ்சே விட்டவன் யாரு? அவன். எடுக்கிறதுக்குக் கையில ஃபைல் இருந்தது யாருக்கு? அவனுக்கு. அப்பம் தோல்வி யார் பொறுப்பு? நான் வச்சேன், நம்பி வச்சேன். அவன் நம்பாம விட்டான். நம்பாம விட்டவனுக்குத்தானே பாவம்? வக்கீலைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான்.

அது ஒண்ணுதான் இருக்காம்! எனக்கு! முப்பத்திரெண்டு வருஷம் ஒரு லோடு தப்பாப் போனது இல்ல என் கையில. வீடு கட்டியிருக்கேன். தங்கச்சிக்கு முன்னால நின்னு கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன், அவனுக்கே பண்ணி வச்சிருக்கேன். ஒண்ணுதான் இருக்குன்னு சொல்ல அவன் யாரு? என்னைக் கண்டபடி ஏசியிருந்தாக்கூட நான் மறந்திருப்பேன், அண்ணாச்சி. அவன் எனக்குப் பாவம் பாத்துட்டான். அதைத்தான் தாங்க முடியல. சோத்தை அள்ளி வாய்க்குக் கொண்டு போகும்போது ஞாபகம் வருது. இருந்துட்டுப் போகட்டுமாம்.

இந்தா, விருதுநகர் வந்துட்டு. இல்ல, நான் இறங்கல. எனக்கு மதுரையில சோலி. நீங்க இங்கதானா? இறங்குங்க, இறங்குங்க. பை மேல இருக்கு பாருங்க.

அன்னைக்கு போன்ல கடைசியா நான் அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சரி செண்பகம், அந்த இடம் வராதுன்னு சொன்னாரு. வந்தாத் தோக்கும்னு சொன்னாரா? அது தப்பான மூவ்னு அவரு வாயால சொன்னாரா, சொல்லலையா?"

போனை வச்சுட்டா. எட்டு மாசம் ஆச்சு. திரும்பப் போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கா. ஒரு வார்த்தைதானே, அண்ணாச்சி? சொன்னாரா, சொல்லலையா?